ரயிலில் பாடிய சிறுமி: கொடுமுடி கோகிலம் கே.பி. சுந்தராம்பாள்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரலை நாம் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. கோயில் திருவிழா என்றால் விடியக் காலையிலேயே ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிடும். லயத்து வாசலில் அடுப்பு மூட்டுகிற அம்மா, காண்டா வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற அப்பா, பாயில் புரண்டு படுக்கிற பிள்ளைகள், எல்லார் காதிலும் அந்தக் குரல்தான் முதலில் விழும். இது ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா என்று சின்னப் பிள்ளைகள் சந்தேகம் கேட்கும். அடே, அது ஔவையார் பாட்டுடா என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அவ்வளவுதான் விளக்கம். பாடியவர் யார், எங்கே பிறந்தவர், என்ன பாடுபட்டார் என்று கேட்டவர்களும் குறைவு, சொன்னவர்களும் குறைவு.

நாம் குடியிருக்கும் செங்காங் வட்டாரமும் ஒரு காலத்தில் ரப்பரும் அன்னாசியும் மிளகும் விளைந்த தோட்டக்காடுதான். இன்று அங்கே பால்மரம் இருந்த சுவடே கிடையாது. அடுக்குமாடி வீடுகளும் ரயிலும் வந்துவிட்டன. வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் கோயில் இருக்கிறது. அங்கே ரயில் ஏறினால் அதே தடத்தில் லிட்டில் இந்தியாவில் இறங்கிவிடலாம். தீபாவளிக்குச் சாமான் வாங்கச் சிராங்கூன் ரோட்டுக்கு வரும் நம் தோட்டத்துச் சொந்தங்களுக்குத் தெரியும், பூக்கடைப் பக்கம் நடந்தால் ஏதாவது ஒரு கடையிலிருந்து முருகன் பாட்டு வந்துகொண்டே இருக்கும். போன வாரம் நாம் அப்படி நடந்து போகையில் அந்தக் குரல் கேட்டது. கூட வந்த இளைஞருக்கு யாரென்று தெரியவில்லை. சரி, இந்த வாரம் நம் பக்கத்தில் அந்தம்மா கதையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தோம்.

காவிரிக் கரையில் கொடுமுடி என்று ஓர் ஊர். இன்றைக்கு ஈரோடு மாவட்டம், அன்றைக்குக் கோயம்புத்தூர் ஜில்லா. அங்கே 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சுந்தராம்பாள் பிறந்தார். அம்மா பெயர் பாலாம்பாள். ஊர்ப் பெயரும் தாயார் பெயரும் சேர்ந்துதான் அந்த கே.பி. ஆயிற்று. தகப்பன் பெயரை முன்னால் போட்டுக்கொள்ளும் வழக்கம் உள்ள நாட்டில், தாயின் பெயரோடு கடைசி வரை வாழ்ந்தவர் என்பதை நாம் முதலிலேயே கவனித்துக்கொள்வது நல்லது. வீட்டில் சொல்ல முடியாத வறுமை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாலாம்பாள் பட்ட பாட்டை நினைத்தால் நம் பாட்டிமார்கள் நினைவுக்கு வருவார்கள். பட்டினி பொறுக்காமல் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர்களும் அதே காலத்து, அதே தமிழ்நாட்டுச் சனங்கள்தானே!

அந்தப் பெண்ணுக்கு வாய்த்த சொத்து ஒன்றே ஒன்று, தொண்டை. ரயில் வண்டியில் ஏறிப் பாடிக் காசு வாங்கி வீட்டுக்குக் கொண்டு போன சிறுமி அவர் என்று சொல்வார்கள். அப்படி ஒரு நாள் பாடிக்கொண்டிருந்தபோது எப்.ஜி. நடேசய்யர் காதில் அந்தக் குரல் விழுந்ததாம். நடேசய்யர் ரயில்வேயில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர், நாடகப் பித்தர், திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை நடத்தியவர். பின்னாளில் தமிழ்நாட்டையே கிறங்க அடித்த எம்.கே. தியாகராஜ பாகவதரையும் சிறு பையனாக இருக்கும்போது மேடையேற்றிவிட்டவர் இவர்தான். ரயிலில் காசுக்குப் பாடும் பிள்ளையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். இவர் திருப்பிக்கொள்ளவில்லை. வேலு நாயர் என்பவர் நடத்திய நாடகக் கம்பெனியில் பெண்ணைச் சேர்த்துவிட ஏற்பாடு செய்தார்.

முதலில் கிடைத்தது பிள்ளை வேடம். நல்லதங்காள் நாடகம். அந்தக் கதை நமக்கு நன்றாகத் தெரியும். பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடிப் போகிறாள், அண்ணி சோறு போடாமல் விரட்டுகிறாள், கடைசியில் கிணறு. அதிலே பசியால் அழுகிற பிள்ளையாக வந்தார் சுந்தராம்பாள். அந்த வேடத்துக்கு அவருக்கு யாரும் நடிப்புச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றே நாம் நினைக்கிறோம்.

அன்றைய நாடகம் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராத்திரி ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். மைக் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில் கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் இருப்பவன் காதுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான். பக்கத்தில் ஆர்மோனியக்காரர் உச்ச சுருதியில் வைத்து அழுத்துவார், அதற்கு மேலே ஏறிப் பாட வேண்டும். பெரும்பாலான நாடகங்கள் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்தவை. கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டும் தெரியும். ஜனங்கள் வருவது இன்றைக்கு இவர் எப்படிப் பாடுகிறார் பார்ப்போம் என்றுதான். எதிரே நிற்கும் நடிகர் பாட்டிலேயே கேள்வி போடுவார், இவர் பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் மானம் போய்விடும். இந்த உலைக்களத்தில் காய்ச்சி அடித்த குரல் அது. பின்னாளில் மைக் வந்தும் அவர் குரலை அடக்கிப் பாடக் கற்றுக்கொள்ளவில்லை. அவசியமும் படவில்லை.

நாடகக் கம்பெனிகள் அப்போது தமிழன் பிழைக்கப் போன இடமெல்லாம் தேடிப் போயின. தேயிலைத் தோட்டம் இருந்த இலங்கைக்கும் ரப்பர் தோட்டம் இருந்த மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறின. ஊரை விட்டு வந்தவனுக்கு வள்ளி திருமணமும் கோவலனும் பார்க்கக் கிடைத்தால் ஊரே வந்த மாதிரி. அப்படித்தான் 1926ஆம் ஆண்டு சுந்தராம்பாள் கொழும்பில் நாடகம் ஆடிக்கொண்டிருந்தார். வயது பதினெட்டு. அதே சமயம் கொழும்புக்கு வந்து இறங்கினார் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா.

கிட்டப்பா யாரென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1906இல் பிறந்தவர். சின்ன வயசிலேயே மேடை ஏறி, கன்னையா கம்பெனியின் தசாவதாரம் நாடகத்தால் பெரும் புகழ் பெற்றவர். அவர் சாரீரம் மேலே ஏறினால் இறங்கி வர நேரமாகும் என்பார்கள் பழைய ஆட்கள். இவர்கள் இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்றினால் வசூல் கொட்டும் என்று கொழும்புக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். சும்மா இருக்குமா ஊர் வாய்? அந்தப் பெண்ணோடு பாடினால் உங்கள் பெயர் போய்விடும் என்று கிட்டப்பாவிடம் சிலர் ஓதினார்களாம். கிட்டப்பா முன்னால் உன் பாட்டு எடுபடாது என்று சுந்தராம்பாளிடமும் சிலர் பயங்காட்டினார்களாம். இரண்டு பேரும் பயப்படவில்லை. வள்ளி திருமணம் போட்டார்கள். அவர் முருகன், இவர் வள்ளி. போட்டி பாட்டோடு நின்றுவிட்டது. மனசு ஒன்றாகிப் போயிற்று.

1927இல் மாயவரம் கோயிலில் கல்யாணம் நடந்தது. இந்த இடத்தில் நாம் பூசி மெழுகாமல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. மனைவி பெயர் கிட்டம்மாள். கிட்டப்பா குடும்பம் பிராமணக் குடும்பம், சுந்தராம்பாள் வேறு சாதி. அந்தக் குடும்பம் இவரை வாசல்படிக்கு உள்ளே ஏற்கவில்லை. சுந்தராம்பாள் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இவர் கண்ணீரை மட்டுமே சொல்வார்கள். செங்கோட்டையில் இன்னொரு பெண்ணும் அழுதிருப்பாள் என்பதை மறந்துவிடுகிறார்கள். நாம் மறக்க வேண்டாம்.

மேடையில் மட்டும் அவர்களுக்கு ஈடு இணை கிடையாது. போகிற ஊரெல்லாம் கொட்டகை நிரம்பியது. இசைத்தட்டுகள் விற்றன. சுதந்திரப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலம் ஆனதால் புராண நாடகத்தின் நடுவிலேயே தேசியப் பாட்டு நுழைந்துவிடும். கதர் உடுத்தி மேடையேறினார்கள். மோதிலால் நேரு 1931இல் மறைந்தபோது அந்தத் துக்கத்தை இசைத்தட்டில் பாடிக் கொடுத்தவர் சுந்தராம்பாள்தான். படிக்கத் தெரியாத சனத்துக்குப் பத்திரிகையாக இருந்தது அந்த இசைத்தட்டு.

ஆனால் வீட்டுக்குள் நிம்மதி இல்லை. கிட்டப்பா அடிக்கடி செங்கோட்டைக்குப் போய்விடுவார். மாதக் கணக்கில் வரமாட்டார். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. சுந்தராம்பாள் அவருக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதங்களில் சில பிற்காலத்தில் அச்சில் வந்திருக்கின்றன. மரியாதை குறையாமல் எழுதுகிறார், ஆனால் நியாயம் கேட்காமல் விடுவதில்லை. அன்பும் ஆத்திரமும் ஒரே வரியில் வருகின்றன. மேடையில் ஆயிரம் பேரைக் கட்டிப் போட்டவருக்கு ஒருத்தரை வீட்டில் கட்டிப் போட முடியவில்லை. இரண்டு பேரும் பிரிந்தார்கள்.

கிட்டப்பாவுக்கு உடம்பு கெட்டுப் போயிற்று. குடியும் ஒரு காரணம் என்பார்கள். 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி அவர் இறந்தார். வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

இருபத்தைந்து வயசு! கல்யாணம் ஆகி ஆறு வருஷம். அதிலும் கூடி வாழ்ந்த நாள் கொஞ்சம்தான். அன்றைக்கு வெள்ளைச் சேலை கட்டினார். நகைகளைக் கழற்றினார். நெற்றியில் திருநீறு மட்டும். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் செய்துகொண்டார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் காலத்தில் கைம்பெண் என்றால் அத்தோடு கதை முடிந்தது. அடுப்படி மூலையில் ஆயுசைக் கழிக்க வேண்டியதுதான். அதிலும் கூத்தாடி என்று பழிக்கப்பட்ட தொழில். இரண்டாம் தாரம். சொந்தம் கொண்டாட மாமியார் வீடும் இல்லை. ஆனால் சாப்பாட்டுக்கு அவர் ஒருத்தர் குரலை நம்பி ஒரு குடும்பமே இருந்தது. நம் தோட்டங்களிலும் இதைப் பார்த்திருக்கிறோம். புருஷன் கண்ணை மூடிய பிறகு மறு மாதமே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, உளியை எடுத்துக்கொண்டு பெரட்டில் வந்து நின்ற அம்மாக்கள் எத்தனை பேர்! துக்கத்துக்கு லீவு கிடையாது. அவர்களுக்கு சுந்தராம்பாள் நிலைமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் சினிமாக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். ஹசன்தாஸ் என்ற முதலாளி பக்த நந்தனார் கதையைப் படமாக்க வேண்டும், நந்தனாராக நீங்கள்தான் நடிக்க வேண்டும் என்று கேட்டார். இவர் மறுத்தார். அவர் விடவில்லை. தொல்லை தாங்காமல், கொடுக்க மாட்டார் என்ற நம்பிக்கையில், ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தால் நடிக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். அவர் சரி என்று சொல்லிவிட்டார்!

ஒரு லட்சம் என்றால் இன்றைக்குப் பெரிதாகத் தெரியாது. 1935இல் ஒரு பவுன் தங்கம் இருபத்தைந்து ரூபாய்க்குள் வாங்கலாம். கணக்குப் பாருங்கள். நாலாயிரம் பவுனுக்கு மேல் வருகிறது. இந்தியாவில் அதுவரை எந்த ஆண் நடிகரும் ஒரு படத்துக்கு அவ்வளவு வாங்கியதில்லை என்பார்கள். இந்தப் பக்கம் நம் நிலைமை என்ன? 1930இல் ரப்பர் விலை சரிந்தபோது மலாயாத் தோட்டங்களில் ஆணுக்கு 50 காசாக இருந்த நாள் சம்பளத்தை 40 காசாக்கினார்கள். பெண்ணுக்கு 40 காசு இருந்தது 32 ஆயிற்று. ஒரே மரம், ஒரே வெட்டு, ஒரே வாளி, ஆனாலும் பொம்பளை என்றால் எட்டுக் காசு குறைவு. அதே காலத்தில் ஒரு பெண், அதுவும் வெள்ளைச் சேலை கட்டிய பெண், தன் உழைப்புக்குத் தானே விலை சொல்லி வாங்கியிருக்கிறார் என்பதை நினைக்கும்போது நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. துரத்துவதற்காகச் சொன்ன விலையாகவே இருக்கட்டும். சொன்னார், வாங்கினார்.

சபதமும் கெடவில்லை. நந்தனார் ஆண் வேடம், பக்தர் வேடம், ஜோடி கிடையாது. நந்தனார் கதை தோட்டத்து மேடைகளிலும் ஆடிய கதைதான். பண்ணையில் அடிமையாய் உழைக்கும் நந்தன், சிதம்பரம் போய் நடராஜரைப் பார்க்க ஒரே ஒரு நாள் லீவு கேட்கிறான். பண்ணையார் வேதியர் தரமாட்டேன் என்கிறார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே அவனுக்குத் திருநாளைப்போவார் என்று பெயர் ஆகிவிடுகிறது. கிராணியிடம் லீவு கேட்டுக் கைகட்டி நின்றவனுக்கு இந்தக் கதை புராணமாகத் தோன்றாது. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். கதையின் முடிவிலே அந்த வேதியர் நந்தன் காலில் விழ வேண்டும். அப்படி ஒரு கதையில், பண்ணையாளாக ஒரு பெண் நின்றார் என்பது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. பாட்டு நாற்பதுக்கும் மேலே. எழுத்தாளர் கல்கி ஆனந்த விகடனில் படத்தைக் கிழித்துப் போட்டார். படத்தில் வந்த பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாகக் கேலி செய்தார். நாம் சொல்லுகிறோம், சுந்தராம்பாளுக்கு முகத்தைச் சுளித்துக் கண்ணை உருட்டி நடிக்க வராது. பிற்காலப் படங்களிலும் அவர் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்று பாடுவார். ஆனால் பாட ஆரம்பித்தால் மற்றவர்கள் நடிப்பது நமக்குக் கண்ணில் படாது. இது குறையா, நிறையா என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அவரை முழுவதுமாக வெளியே இழுத்துவந்தது தேசம்தான். தீரர் சத்தியமூர்த்தி காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பேசப் போனார். பேச்சுக்கு முன்னால் சுந்தராம்பாள் பாட்டு. பேச்சுக்கு வந்தவர்கள் பாதி, பாட்டுக்கு வந்தவர்கள் பாதி. 1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் 215 இடத்தில் 159 இடத்தைக் காங்கிரஸ் பிடித்தது. அதில் இந்தக் குரலுக்கும் பங்கு உண்டு என்று அரசியல்வாதிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். காந்தியடிகள் கொடுமுடியில் இவர் வீட்டுக்கு வந்ததையும் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். தங்கத் தட்டில் சாப்பாடு வைத்தாராம். சாப்பிட்டு முடித்த காந்தி, சோறு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். எடுத்துக் கொடுத்துவிட்டாராம். அது அங்கேயே ஏலம் போய் நிதியில் சேர்ந்ததாம்.

1940இல் மணிமேகலை வந்தது. அதுவும் துறவி வேடம். பிறகு நாடு விடுதலை அடைந்தது. 1951இல் சென்னை சட்ட மேலவைக்கு உறுப்பினராகப் போனார். இந்தியாவிலேயே சட்டசபைக்குள் நுழைந்த முதல் சினிமாக் கலைஞர் இவர்தான் என்பார்கள். தமிழ்நாட்டில் சினிமாக்காரர்கள் முதலமைச்சர் நாற்காலியிலேயே உட்கார்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வாசல்படியை முதலில் மிதித்தது ரயிலில் பாடிய ஒரு பெண்ணின் கால்.

இனிமேல்தான் ஔவையார். ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசன் வருஷக்கணக்கில் செலவு செய்து எடுத்து 1953இல் வெளியிட்ட படம். இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு. யானைக் கூட்டமும் கோட்டை கொத்தளமுமாக வந்த அந்தப் படத்தை அக்காலத்துப் பெரியவர்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்ததைப் பேசிக்கொண்டே இருப்பார்கள். இங்கே சிங்கப்பூரில் நார்த் பிரிட்ஜ் ரோட்டு ராயல், டயமண்ட் கொட்டகைகளில் தமிழ்ப் படம் பார்த்த தலைமுறைக்கு ஔவையார் என்றால் சுந்தராம்பாள் முகம்தான்.

அந்தக் கதையை யோசித்துப் பாருங்கள். சின்னப் பெண்ணான ஔவைக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். அவளுக்கு இஷ்டமில்லை. பிள்ளையாரிடம் போய் என் இளமையை எடுத்துக்கொள், என்னைக் கிழவியாக்கிவிடு என்று அழுகிறாள். கிழவி ஆகிறாள். ஆன பிறகுதான் அவளுக்கு விடுதலை. அரச சபைக்கும் போகலாம், காட்டு வழியிலும் போகலாம், யாரும் தடுக்க முடியாது. ராஜாக்களைக் கண்டித்துப் பாடலாம். இருபத்தைந்து வயசில் தானாகவே கிழக்கோலம் பூண்ட சுந்தராம்பாளுக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் யார் எழுதித் தர முடியும்? நரைமுடியும் கோலும் திருநீறும் வெள்ளைச் சேலையுமாக அவர் வந்து நின்றபோது ஒப்பனை கொஞ்சம்தான் தேவைப்பட்டிருக்கும்.

அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கும் மேலாகத் திரையில் காணோம். 1964இல் பூம்புகார். கலைஞர் கருணாநிதி வசனம். இவர் கவுந்தி அடிகள், மறுபடியும் வெள்ளைச் சேலைத் துறவி. ஒருவர் தி.மு.க., ஒருவர் பழுத்த காங்கிரஸ், அதிலும் முருக பக்தை. ஒரு பாட்டில் தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்பது மாதிரி வரி வந்ததாம். நான் இதைப் பாட மாட்டேன் என்று அம்மையார் சொல்லிவிட்டாராம். தெய்வம் வந்துவிட்டது என்ற பொருளில் மாற்றிய பிறகுதான் பாடினாராம். இதைச் சொல்லாத சினிமாக்காரர் கிடையாது. முதலாளியானாலும் எழுத்தாளரானாலும் தன் மனசுக்கு ஒவ்வாததை வாயால் சொல்ல மாட்டேன் என்கிற பிடிவாதம் ஒரு லட்சம் கேட்ட நாளிலிருந்து மாறவே இல்லை.

மறு வருஷம், 1965இல், ஏ.பி. நாகராஜன் எடுத்த திருவிளையாடல். ஔவையாராகவே வந்தார். மாம்பழம் கிடைக்காத கோபத்தில் பழனி மலையில் போய் நிற்கும் பாலகன் முருகனைச் சமாதானம் செய்து அழைக்கும் பாட்டு. தோட்டத்து ஒலிபெருக்கியில் நாம் கேட்டு வளர்ந்தது அதைத்தான். பாடும்போது அம்மையாருக்கு ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயசு. மேலே போன குரல் நடுங்காமல் நிற்கிறது. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரனை நினைத்துப் பாடியவர் அல்லவா!

கந்தன் கருணை 1967இல் வந்தது. 1969இல் தேவர் எடுத்த துணைவன். குழந்தை முருகனாக அதில் வந்த சிறுமிதான் பின்னாளில் இந்தியாவே கொண்டாடிய ஸ்ரீதேவி. துணைவன் படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது சுந்தராம்பாளுக்குக் கிடைத்தது. அறுபது வயசுக்கு மேலே! 1970இல் பத்மஸ்ரீ. அதற்கு முன்னாலேயே தமிழிசைச் சங்கம் இசைப் பேரறிஞர் பட்டம் கொடுத்திருந்தது. 1973இல் காரைக்கால் அம்மையார். அந்த அம்மையார் கதையும் அழகையும் இளமையையும் வேண்டாம் என்று உதறிப் பேயுருக் கேட்டு வாங்கிய பெண்ணின் கதைதான். நந்தன், மணிமேகலை, கவுந்தி, ஔவை, காரைக்கால் அம்மை. திரையில் அவர் ஏற்றதில் காதலியும் இல்லை, ஜோடியும் இல்லை. நடித்த படங்களை எண்ணினால் ஒரு டஜன்தான் வரும்.

சம்பாதித்ததில் கொடுமுடியில் ஒரு சினிமாக் கொட்டகை கட்டினார். கே.பி.எஸ். என்று தன் பெயரையே வைத்தார். தகப்பன் பெயர் இல்லாத, தாயின் பெயர் உள்ள அந்த மூன்று எழுத்து ஊர் நடுவில் நின்றது.

1980ஆம் ஆண்டில் அம்மையார் காலமானார். எழுபதைத் தாண்டியிருந்தார். கிட்டப்பா போய் நாற்பத்தேழு வருஷம் ஆகியிருந்தது. கட்டிய வெள்ளைச் சேலையை அத்தனை வருஷமும் மாற்றவில்லை.

செய்தி கேட்டுத் தோட்டங்களில் பெரியவர்கள் கலங்கியது நமக்கு நினைவிருக்கிறது. நம் வீட்டுப் பக்கத்து லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். பால்வெட்டிலேயே ஆயுசைக் கழித்தவர், சின்ன வயசிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, கோயில் பூசாரியிடம் போய், அந்த அம்மா பாட்டை ஒரு தரம் போடச் சொல்லிக் கேட்டார். பூசாரி போட்டார்.